அண்ணனுக்கு வாசித்துக் காட்டிய கேம்

என் அண்ணனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆபீஸ் வேலை கிடைக்கும் என்று அப்பா அவனை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார். அவன் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே அந்தப் பள்ளி மலாய்க்கு மாறிவிட்டது. ஆங்கிலமும் ஒட்டவில்லை, மலாயும் பாதியில் நின்றது. படிவம் மூன்றோடு, ஒன்பதாவது வருஷத்தோடு, வெளியே வந்துவிட்டான். ஆறு வருஷம் கழித்து என் முறை வந்தபோது அப்பாவுக்கு அந்த நம்பிக்கையெல்லாம் போயிருந்தது. நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது என்பதற்காக என்னைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தார். அப்படித்தான் ஒரே வீட்டில் வளர்ந்த இருவரில் நான் தமிழில் கதை எழுதுகிறவளாகவும், அவன் அதைப் படிக்க முடியாதவனாகவும் ஆனோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கிள்ளான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் வீடியோ கேம் கடை இருந்தது. அண்ணன் அப்போது லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். வேலை இல்லாத மத்தியானங்களில், காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு என்னையும் அங்கே கூட்டிப்போவான். உள்ளே ஒரே இருட்டு, சிகரெட் புகை, எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் கத்தும். அங்கே பெண் பிள்ளை என்று நான் ஒருத்திதான் இருப்பேன். அண்ணன் நன்றாக ஆடுவான். மற்ற பையன்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து அவன் பின்னால் நிற்பார்கள். நான் பார்த்தது ஆட்டத்தை அல்ல. ஒரு கட்டம் முடிந்ததும் திரையில் நாலைந்து வரி ஆங்கிலத்தில் வரும். யாரையோ தூக்கிப் போய்விட்டார்கள், ஒரு ஊர் எரிந்துபோய்விட்டது, இனி நீதான் கதி என்கிற மாதிரி. நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அவன் பட்டனை அமுக்கிவிடுவான்.

“அண்ணே, இரு, படிச்சுக்கிறேன்.”

“அதுல என்னா இருக்கு? சும்மா கதை லா.”

அம்மாவும் அப்பாவும் போன பிறகு கிள்ளான் வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அண்ணன், அண்ணி, நான். அண்ணன் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பலகைத் தொழிற்சாலைக்குப் போனான். அண்ணி கையுறை செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் ஒரு விளம்பரக் கம்பெனியில் சோப்புத் தூளைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். ஞாயிறு பத்திரிகையில் எப்போதாவது என் கதை வரும். அண்ணி அந்தப் பக்கத்தை மடித்து அலமாரியில் வைப்பாள். “படிக்கணும், நேரம்தான் இல்ல” என்பாள். பொய் சொல்கிறவள் இல்லை, நேரம் நிஜமாகவே இருந்ததில்லை. வேறு யாராவது படித்தார்களா என்பது எனக்குத் தெரியாது. ஒருவரும் என்னிடம் வந்து சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கதைகளை வைத்தே எனக்கு ஒரு வேலை வந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே சின்ன ஆபீஸ். முதலாளி அரசாங்க வேலையை விட்டுவிட்டு வந்தவர். வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். எப்போதாவது தமிழில் பேசினால் அவருடைய அப்பாவின் தமிழ் அப்படியே வந்துவிடும்.

“பிள்ளை பேப்பரில கதை எழுதுறதாம் எண்டு சொன்னாங்கள். எனக்கு டிக்‌ஷனரி பார்த்து எழுதுற ஆள் வேண்டாம். கதை தெரிஞ்ச ஆள் வேணும்” என்றார்.

தைவானில் செய்த கம்ப்யூட்டர் கேம் ஒன்றை அவர் மலாயில் மாற்றிக் கொஞ்சம் விற்றிருந்தார். அடுத்ததைத் தமிழிலும் கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை.

“எங்கட பிள்ளையள் தமிழில விளையாடட்டும். பிறகு பாருங்கோ, தமிழ் தானா வரும்.”

அதை அவர் நம்பிச் சொன்னார். நானும் நம்பினேன். என் கதையைப் படிக்காதவர்கள் கூட இதைப் படித்துத்தானே ஆக வேண்டும், படிக்காமல் அடுத்த ஊருக்குப் போக முடியாதே என்று நினைத்தேன்.

அந்தக் கேமில், மழை நின்றுபோன ஒரு நாட்டில், உப்பு வியாபாரி ஒருவரின் மகள் மழையைத் தேடிப் போகிறாள். ஊர் ஊராகப் போய் ஆட்களைக் கேட்கிறாள், வழியில் பேய்களோடு சண்டை போடுகிறாள். தைவானில் யாரோ சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிய வாக்கியங்கள் கட்டுக் கட்டாக எனக்கு வரும். வரிசையாக வராது. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்றும் இருக்காது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ‘யூ’. அது நீயா, நீங்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? பெரியவர்களை நீ என்று சொல்லிவிடக் கூடாதே என்று எல்லாவற்றையும் நீங்கள் என்றே எழுதினேன். ஒரு பட்டியலில் ‘சேவ்’ என்று ஒரு சொல் தனியாக வந்தது. ‘ஹெல்ப்’ என்பதற்குக் கீழே இருந்ததால், யாரோ ஆபத்தில் கத்துகிறார்கள் என்று நினைத்து ‘காப்பாற்று’ என்று எழுதினேன். ஆட்டத்தை அதுவரை பதிந்து வைக்கிற பட்டன் அது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் எங்கள் புரோகிராமர் அதைப் படமாகவே செய்து முடித்திருந்தார். மாற்றுவது பெரிய வேலை, இருக்கட்டும் என்றுவிட்டார்.

புரோகிராமர் அம்பாங்கிலிருந்து வரும் சீனர், என் வயதுக்காரர். தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் எங்கள் எழுத்துகளை எல்லாம் அவர்தான் ஒவ்வொரு புள்ளியாக வைத்து வரைந்தார். நாங்கள் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசிக்கொள்வோம். ஒவ்வொரு நாளும் அவர் சொல்வது ஒன்றுதான்: “பாஞ்சாங் சங்காட் லா. ரொம்ப நீளம். பெட்டிக்குள்ள போகாது.” பேச்சு வருகிற பெட்டியில் மூன்று வரிதான் பிடிக்கும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் ஒரு சொல்லே பாதி வரியைத் தின்றுவிடும். வெட்டினேன். முதலில் அடைமொழிகள் போயின. பிறகு ‘ஆனாலும்’, ‘ஒருவேளை’ எல்லாம் போயின. ஒரு ஆள் ஏன் அழுகிறான் என்ற காரணம் போயிற்று. அழுகிறான் என்பது மட்டும் நின்றது. இந்த வேலையில் சேர்வதற்கு முன் ஒரு சொல்லுக்காக ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தவள் நான். அந்தச் சொற்களை இப்போது நானே தேடித் தேடி எடுத்தேன்.

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழும். ‘கொ’ என்று வர வேண்டுமானால் முதலில் கொம்பு மட்டும் வந்து தனியாக நிற்கும், பிறகு ‘க’ வரும், கடைசியில் கால் வரும். வரி அங்கே முடிந்துவிட்டால் கொம்பு மேலேயும் மற்றது கீழேயும் கிடக்கும். அதைச் சரிசெய்யவே எங்களுக்குப் பல வாரம் ஓடிற்று.

அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் அண்ணனுக்கு அடிபட்டது. தொழிற்சாலையில் அடுக்கி வைத்திருந்த பலகைகள் சரிந்து இடது காலின் மேல் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் காலுக்குள் இரும்பு வைத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது கட்டையை ஊன்றித்தான் கழிவறைக்குக் கூடப் போக முடிந்தது. முதல் மாதம் சூப்பர்வைசர் பழக்கூடை வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். அதற்குப் பிறகு அங்கிருந்து யாரும் நலம் விசாரிக்க வரவில்லை. அண்ணன் ஹாலில் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, வெயில் சுவரில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அண்ணி வேலைக்குப் போகும்போது சோற்றை எடுத்து மூடி வைத்துவிட்டுப் போவாள். அவள் திரும்பி வரும்போதும் அது மூடியபடியே இருக்கும்.

முதலாளியிடம் கேட்டேன். “நல்லது, டெஸ்டிங் செய்ய ஓர் ஆள் வேணும்தானே, கொண்டு போங்கோ” என்றார். புரோகிராமரே பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் காரில் கொண்டுவந்து ஹாலில் வைத்துவிட்டுப் போனார். அண்ணன் முதலில் தொடவே இல்லை.

“நான் என்னா சின்னப் புள்ளையா?”

“பிழை இருக்கான்னு பார்த்துச் சொல்லுண்ணே. ஆபீஸ் வேலை.”

“தமிழ்ல இருக்கு. எனக்கு என்னா தெரியும்?”

“நான் வந்து படிச்சுக் காட்டுறேன். நீ சண்டைய மட்டும் பாரு.”

அடுத்த நாள் ஆரம்பித்தான். கை இன்னும் மறக்கவில்லை. முதல் சில நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால், பாதியிலேயே பட்டனை அமுக்கிவிடுவான். சரி, இதுவும் அப்படித்தான் போகும் என்று நினைத்தேன். பேய் ஒன்று, “நீங்கள் இங்கிருந்து தப்ப முடியாது” என்று சொன்னதைப் படித்தபோது அண்ணன் சிரித்தான். அடிபட்ட பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். “பேய்க்கு நம்ம சூப்பர்வைசரவிட மரியாத தெரியுது” என்றான்.

ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அண்ணன் சும்மா உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரு கிழவர் பேச ஆரம்பித்து முதல் பெட்டியோடு நின்றிருந்தார்.

“காலையிலேர்ந்து அப்படியே இருக்காரு. நீ வந்து படிப்பேன்னு விட்டு வச்சிருக்கேன்” என்றான்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். பகலில் சண்டைகளை ஆடுவான். யாராவது பேச வாயைத் திறந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருப்பான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, முகம் கூடக் கழுவாமல் வந்து உட்கார்ந்து படிப்பேன். சில பெட்டிகளைத் திரும்பப் படிக்கச் சொல்வான். ‘காப்பாற்று’ என்ற படத்தை அவன் வடிவத்தை வைத்தே கண்டுபிடித்துக்கொண்டான். ஆட்டத்தை நிறுத்தும்போது, “காப்பாத்திரவா?” என்று கேட்பான். நான் “காப்பாத்துண்ணே” என்பேன். எனக்கு வாசகன் என்று ஒருவன் இருந்த காலம் அந்தச் சில மாதங்கள்தான்.

ஒருமுறை கேட்டான்: “அவ எதுக்கு இந்த உப்பு மூட்டைய இன்னும் தூக்கிட்டு அலையுறா? கடைக்காரன் கேக்குறான்ல, வித்துட்டுப் போக வேண்டியதுதான?”

நான் பதில் சொல்வதற்கு முன் அவனே சொன்னான்: “அவங்க அப்பாவோடதா இருக்கும். அதான் விக்க மனசு வரல.”

ஆங்கிலத்தில் அது இருந்தது. அப்பா கடைசியாகக் கட்டிய மூட்டை அது என்று அவள் சொல்லும் வரியை, இடம் போதாமல் நான்தான் எடுத்திருந்தேன். அவனிடம் சொன்னேன்.

“அதப் போய் ஏன் எடுத்த?”

“எடம் இல்லண்ணே.”

“அவன் என்னா சாப்பிட்டான், இவன் எங்க போறான், அதுக்கெல்லாம் எடம் இருக்கு” என்றான். கோபமாக இல்லை. மறுநாள் ஆபீஸில் அந்த வரியைத் திரும்ப நுழைத்துப் பார்த்தேன். புரோகிராமர் தலையை ஆட்டினார்.

பிறகு ரிங்கிட்டின் மதிப்பு விழுந்தது. அந்த வருஷம் காட்டுத்தீயின் புகைமூட்டமும் சேர்ந்து வந்தது. ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. தைவானிலிருந்து கட்டு வருவது குறைந்தது. கடைசி அத்தியாயத்துக்கான வாக்கியங்கள் இந்த வாரம் வரும், அடுத்த வாரம் வரும் என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் என் மேசைக்கு வந்து நின்றார்.

“பிள்ளை, அவங்கள் நிப்பாட்டச் சொல்லிட்டாங்கள். தமிழ் வேண்டாமாம்.”

“மலாய்?”

“அதுவும் பார்க்க வேணும்” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த மாதமே புரோகிராமர் நின்றார், அடுத்து நான் நின்றேன். மலாயும் வரவில்லை.

அண்ணன் அப்போது கடைசி ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தான். மலை உச்சியில் ஒரு பெரிய கல் கதவு. அதன் முன்னால் அந்தப் பெண் உப்பு மூட்டையோடு நிற்கிறாள். எதை அமுக்கினாலும் திறக்கவில்லை.

முதலாளி நிறுத்தச் சொன்ன அன்று சாயங்காலமே அவனிடம் சொன்னேன். “அண்ணே, அவ்வளவுதான். அதுக்கு மேல வரல. கம்பெனி நிறுத்திட்டாங்க.”

“எங்கயாச்சும் சாவி இருக்கும். நான்தான் விட்டுட்டு வந்திருப்பேன்.”

“சாவி இல்லண்ணே.”

அவன் கேட்கவில்லை. முதல் ஊருக்குத் திரும்பிப் போனான். ஒவ்வொரு வீடாக நுழைந்து ஒவ்வொரு ஆளிடமும் மறுபடி பேசினான். அவர்கள் சொன்னதையே சொன்னார்கள். “மழையைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை.” “வடக்கே போய்க் கேளுங்கள்.” எல்லாம் நான் எழுதியது. கேட்டுக் கேட்டு அவனுக்கு மனப்பாடமாகிவிட்டதால் இப்போது நான் படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. எழுத்து விழ ஆரம்பித்ததுமே அவன் வாய் முணுமுணுத்தது. நான் சமையல்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரியும் காது கூசும்படி மொட்டையாக இருந்தது.

அந்த நாட்களில்தான் தொழிற்சாலையிலிருந்து ஒருவர் வந்து, ஆள் குறைப்பு, இனி வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஓகே பாஸ்” என்றான்.

நான் முடிவை எழுதினேன். வேலை இல்லை, பகல் பூராவும் கிடந்தது. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும், அவள் என்ன செய்வாள் என்று யோசித்து யோசித்து, ஞாயிறு பத்திரிகைக்கு எழுதும்போது கூட இல்லாத அளவு அடித்துத் திருத்தி எழுதி முடித்தேன். மூன்று வரிப் பெட்டிக்குள் அடங்கும்படியாகவே எழுதினேன். எடுத்துக்கொண்டு அம்பாங்குக்குப் போனேன். புரோகிராமர் அங்கே ஒரு கடை வாசலில் சின்ன மேசை போட்டுக் கைப்பேசி விற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். இதைக் கேமில் சேர்க்க முடியுமா என்று கேட்டேன்.

“எழுத்த வேணா போட்டுடலாம். ஆனா கதவு வெறும் படம். பின்னால அறை இல்ல. அவங்க வரையவே இல்ல. உன் எழுத்த நான் எங்க வைக்கிறது?”

“நீங்க வரைய முடியாதா?”

“அவங்க புரோகிராம் என்கிட்ட இல்ல. நம்ம வேல மேல் பூச்சு மட்டும்தான்” என்றார். பிறகு ஒரு வாடிக்கையாளர் வந்தார். நான் எழுந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, “முடிவ சொல்லவாண்ணே?” என்றேன்.

“வந்துருச்சா?” என்று கட்டையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“வரல. நான் எழுதுனது.”

அவன் மறுபடி நாற்காலியில் சாய்ந்துகொண்டான். நான் சொன்னேன். கதவு எப்படித் திறக்கிறது, உள்ளே காய்ந்துபோன ஏரியின் நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவள் மூட்டையை எப்படி அவிழ்க்கிறாள், உப்பு தரையில் பட்டதும் எங்கிருந்தோ முதல் துளி எப்படி விழுகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். மழை வர வைத்தேன். வர வைக்காமல் எனக்கு முடியவில்லை. அண்ணன் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டான். என் கதை ஒன்றை அவன் முழுதாகக் கேட்டது அன்றுதான்.

“நல்லாருக்கு பாப்பா” என்றான். “ஆனா இது நீ சொல்றது. அவளுக்கு நடந்தது இல்ல.”

“அண்ணே, அவளுக்கு நடந்தது எல்லாமே யாரோ சொன்னதுதான்.”

“அது தெரியும் லா” என்றான். “அவ அங்கதான் நிக்கிறா, பாரு” என்று திரையைக் காட்டினான்.

அந்த வாரக் கடைசியில் முதலாளி ஆளனுப்பிக் கம்ப்யூட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆபீஸ் சாமான்களோடு அதையும் விற்க வேண்டியிருந்தது. தூக்கிக்கொண்டு போகும்போது அண்ணன் காலை மடக்கி வழி விட்டான். அவ்வளவுதான். என்னிடம் சில டிஸ்க்குகள் மிஞ்சின. பிறகு ஒரு கடையில் கொடுத்து அவற்றைத் திறந்து பார்த்தேன். அந்த எழுத்துரு வேறு எந்த இயந்திரத்திலும் இல்லாததால், நான் எழுதியது முழுக்க ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியுமாக, பூச்சி ஊர்ந்த மாதிரி வந்தது. கடைக்காரர், “என்ன பாஷை இது?” என்று கேட்டார்.

அண்ணிக்குத் தெரிந்தவர் மூலம் அண்ணனுக்கு ரவாங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலை கிடைத்தது. உட்கார்ந்தே செய்கிற வேலை. அண்ணனும் அண்ணியும் அங்கே வாடகை வீட்டுக்குப் போனார்கள். நான் கிள்ளானில் தனியாக இருந்தேன். ஞாயிறு பத்திரிகைக்கு ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். மூன்று வரி எழுதியதும் கை நின்றுவிடும். எந்த வாக்கியத்தைப் பார்த்தாலும் இதை எடுத்துவிட்டால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றும். எடுப்பேன். கடைசியில் பக்கத்தில் ஒன்றும் மிஞ்சாது. சில மாதம் அப்படி முயன்றுவிட்டு விட்டுவிட்டேன். துணி துவைக்கும் இயந்திரம், சோறு ஆக்கும் குக்கர் இவற்றின் விளக்கக் குறிப்புகளைத் தமிழாக்கும் வேலை வந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த தீபாவளிக்கு ரவாங் போனேன். அண்ணன் காலை ஸ்டூலில் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கோழி விலை, வீட்டுக்கூரை ஒழுகுவது, ஷிப்ட் மாற்றம் என்று பேசினோம். அந்தக் கேமைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “அப்படியேதான்” என்றான். நான் கிளம்பும்போது கேட் வரை வந்தான், பஸ் பிடிக்கிற இடத்தைக் கையால் காட்டினான். “பார்த்துப் போ” என்றான். பஸ்ஸில் உட்காருவதற்கு இடம் இருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தேன்.